அலகுக்குச் சில காசுகள்

நுழையும்முன்

விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, இரு மாதங்களுக்கு ஒருமுறை கட்டணமும் செலுத்தப்படுகிறது. அக்கட்டணத்துக்குள் இன்று எரியும் கரியின் விலை மட்டுமன்றி, கரியே தேவைப்படாத நாளைய மின்சாரத்துக்கான பங்கும் பல ஆண்டுகள் கலந்திருந்தது. அந்தப் பங்கு எங்கே வாங்கப்பட்டது, எதைக் கட்டியது, எங்கே திசை மாறியது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வெள்ளை அட்டை

செஞ்சிக் கோட்டை மலைகளுக்குக் கிழக்கே, திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் வல்லம். விழுப்புரம் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் வழங்குகிறது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கொண்ட இவ்வட்டாரத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. இம்மக்கள் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் வழங்கும் நிலக்கடலையும் விளைகிறது. கிணற்றில் இறைக்கும் நீருக்கும், கடலை உடைக்கும் எந்திரத்துக்கும், மாவு அரைக்கும் ஆலைக்கும், மாணவர் படிக்கும் விளக்குக்கும் மின்சாரமே உயிர்.

தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே வல்லத்து வீடுகளிலும் மின்அளவிக்கு அருகில் ஒரு வெள்ளை அட்டை இருக்கும். இரு மாதங்களுக்கு ஒருமுறை மின்வாரியக் கணக்கீட்டாளர் வந்து அளவியைப் பார்த்து, தேதி, அளவீடு, பயன்படுத்திய அலகு, செலுத்தவேண்டிய தொகை ஆகியவற்றை அதில் எழுதிச் செல்வார். இப்போது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிடுகிறது. அட்டையில் நான்கு கட்டங்கள், நான்கு எண்கள். அவ்வளவுதான்.

அந்த நான்கு எண்களுக்குள் ஐந்தாவதாக ஓர் எண் ஏழு ஆண்டுகள் மறைந்திருந்தது. 2010ஆம் ஆண்டு சூலை முதல் 2017ஆம் ஆண்டு சூன் வரை, இந்தியாவில் நிலக்கரியால் ஆக்கப்பட்ட ஒவ்வோர் அலகு மின்சாரத்தின் விலையிலும் காற்று, கதிரவன் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சிகளுக்கென்று வாங்கப்பட்ட சில காசுகள் அடங்கியிருந்தன. அட்டையில் அதற்கெனத் தனிக் கட்டம் இல்லை. ஆதலால் அப்படியொரு தொகை இருப்பதையே பெரும்பாலோர் அறிந்திலர்.

ஏரி ஆயம்

ஒரு குறிப்பிட்ட பணிக்கென்று மக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டுவது தமிழகத்துக்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஏரி ஆயம்’ என்னும் வரி குறிக்கப்பெறுகிறது. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் பயன்படுவதற்காக வாங்கப்பட்ட வரி அது. அரசனின் கருவூலத்துக்குச் செல்லும் பொதுவரி வேறு. ஏரிக்கென்று வாங்கி ஏரிக்கே செலவிடும் ஆயம் வேறு.

இவ்வரிக்கு அடிப்படையாக ஒரு நம்பிக்கை இருந்தது. இன்று கொடுக்கும் பங்கு நாளைய மழைநீரைத் தேக்கும் என்பதே அது. அந்த நம்பிக்கையைக் காக்க நம் முன்னோர் நிறுவனம் ஒன்றையும் அமைத்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவர் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர் என்பது அக்கல்வெட்டின் கடுமையான விதி. மக்களிடம் ஒரு பணிக்கென்று பணம் வாங்கியவர் அதன் கணக்கை மக்கள் முன் வைக்கவேண்டும் என்பதில் அச்சபையார் எவ்வளவு உறுதியாக இருந்தனர் என்பதை இவ்விதி காட்டுகிறது. இப்பாடத்தின் பிற்பகுதியைப் படிக்கும்போது இவ்விதி மீண்டும் நினைவுக்கு வரும்.

கரிக்கு விதித்த தீர்வை

ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக விதிக்கப்படும் மேல்வரியை இன்றைய சட்டம் ‘தீர்வை’ என்கிறது. மக்கள் வழக்கில் அது ‘செஸ்’. 2010-11ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அன்றைய நடுவண் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, நிலக்கரியின்மீது ‘தூய ஆற்றல் தீர்வை’ ஒன்றை அறிவித்தார். வெட்டியெடுக்கப்படும் கரிக்கும் இறக்குமதியாகும் கரிக்கும் டன்னுக்கு 50 ரூபாய். நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் அதே தொகை. காற்றை மாசுபடுத்தும் பொருளே மாசற்ற ஆற்றலுக்குப் பணம் தரட்டும் என்பது இதன் உட்கருத்து. திரளும் தொகையைக் கொண்டு தேசியத் தூய ஆற்றல் நிதியம் அமைக்கப்பட்டது.

தீர்வை விரைந்து வளர்ந்தது. 2014இல் டன்னுக்கு 100 ரூபாய். 2015இல் 200 ரூபாய். 2016இல் 400 ரூபாய். ஆறே ஆண்டுகளில் எட்டு மடங்கு. 2016இல் இதன் பெயரும் ‘தூய சுற்றுச்சூழல் தீர்வை’ என மாறியது.

கரியின்மீது விதிக்கப்பட்ட வரி வல்லத்து வீட்டுக்கு எவ்வாறு வந்து சேர்கிறது? சுரங்கத்திலோ துறைமுகத்திலோ தீர்வை செலுத்தப்படுகிறது. அந்தச் செலவு கரியின் விலையோடு சேர்ந்து அனல்மின் நிலையத்தை அடைகிறது. அனல்மின் நிலையம் அதனை எரிபொருள் செலவில் சேர்த்து மின்வாரியத்திடம் பெற்றுக்கொள்கிறது. மின்வாரியமோ தன் செலவுகளையெல்லாம் கூட்டி, ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலோடு அலகுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுகிறது. சுரங்கத்தில் தொடங்கிய 400 ரூபாய், காசுகளாகச் சிதறி ஒவ்வொரு வீட்டின் அளவியையும் எட்டும் வழி இதுவே.

அக்காசு எவ்வளவு என்பதை ஒரு மாணவரே கணக்கிட்டுவிடலாம். ஓர் அலகு மின்சாரம் ஆக்க ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் வரை நிலக்கரி தேவை. டன்னுக்கு 400 ரூபாய் என்றால் கிலோவுக்கு 40 காசு. ஆகவே ஓர் அலகுக்கு ஏறத்தாழ 26 முதல் 28 காசு. இரு மாதங்களில் 300 அலகு பயன்படுத்தும் வீடு ஒன்றைக் கொள்வோம். அதில் பாதி கரியால் ஆனது எனின், அவ்வீட்டின் பொருட்டு எரிந்த கரி ஏறக்குறைய 100 கிலோ. அதன் தீர்வை 40 ரூபாய். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு இக்கணக்கு இன்னும் கூடும். அது ஈரம் மிகுந்தது, வெப்பம் குறைந்தது. அதே அலகை ஆக்க அதில் கூடுதலான எடையை எரிக்கவேண்டும். செஞ்சி வட்டாரத்துக்கு நெய்வேலி தொலைவில் இல்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நாற்பது ரூபாய் பெரிய தொகையா? ஒரு வீட்டுக்குப் பெரிதன்று. நாடு முழுவதற்கும் கூட்டினால் அது மலை. 2010-11 முதல் 2017-18 வரை இத்தீர்வையால் திரண்ட தொகை ஏறத்தாழ 86,400 கோடி ரூபாய்.

தெரிந்து தெளிவோம்

அலகு: மின் நுகர்வை அளக்கும் அளவை, ஒரு கிலோவாட் திறனை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஓர் அலகு. மக்கள் வழக்கில் யூனிட்.
தீர்வை: குறிப்பிட்ட நோக்கத்துக்காக விதிக்கப்படும் மேல்வரி.
மெகாவாட்: ஆயிரம் கிலோவாட்.
மின்தொகுப்பு: மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் கம்பிகளின் வலையமைப்பு.

யார் தோளில்?

இச்சுமை எல்லார் தோளிலும் ஒரே மாதிரி விழவில்லை. தமிழகத்தில் 2016ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 அலகு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதற்குள் அடங்கும் குடிசைவாழ் குடும்பம் எதுவும் செலுத்துவதில்லை. உழவர்களின் பம்புசெட்டுகளுக்கு 1990ஆம் ஆண்டு முதல் கட்டணமில்லை. இவ்விரு வகையிலும் எரிந்த கரிக்கான தீர்வையை மாநில அரசே மானியமாக மின்வாரியத்துக்கு ஈடுசெய்தது. எஞ்சியோர் யார்? நூறு அலகுக்குமேல் பயன்படுத்தும் வீடுகள், கடைகள், ஆலைகள். மல்லாட்டை உடைக்கும் ஆலைக்காரர் தாம் செலுத்துவதை உடைகூலியில் சேர்ப்பார்; மாவு ஆலைக்காரர் அரைப்புக் கூலியில் சேர்ப்பார். ஆதலால் கட்டணமே செலுத்தாத குடும்பமும் அரைத்த மாவின் வழியாகச் சிறிது செலுத்தத்தான் செய்கிறது. வரி வாங்கும் இடம் ஒன்று. அதன் பாரம் இறங்கும் இடம் மற்றொன்று. பொருளியல் பாடத்தில் இது தனியே விளக்கப்படும்.

வேறு சில மாநிலங்கள் வேறு வழியை நாடின. மகாராட்டிரமும் கருநாடகமும் தொழில், வணிக நுகர்வோரிடம் மட்டும் அலகுக்குச் சில காசுகள் பசுமைத் தீர்வையாக வாங்கின. வீடுகளை விட்டுவிட்டதால் எளியோர்க்கு நேரடிச் சுமை இல்லை. ஆனால் திரண்ட தொகையும் சிறிதே.

காற்று வீசியது, கம்பி இல்லை

திரட்டிய பணம் எதைக் கட்டியது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு.

தமிழகத்தில் காற்றாலைகளின் வரலாறு 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கியது. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயின் முப்பந்தலிலும், கயத்தாறு, பல்லடம், கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளிலும் காற்றாலைகள் பெருகின. இவற்றை நட்டவர்களுள் பெரும்பாலோர் தனியார் ஆலை முதலாளிகள். அவர்களை ஈர்த்தது அரசு தந்த வருமான வரிச்சலுகை. வரிச்சலுகையும் மக்கள் பணமே. வாங்கிச் செலவிடுவதற்குப் பதிலாக வாங்காமலே விட்டுக்கொடுப்பது என்பதுதான் வேறுபாடு. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே நுழையும் மே முதல் செப்டம்பர் வரையே காற்றாலைகளுக்கு அறுவடைக்காலம். ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்பது பழமொழி. அக்காற்றில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் ஒரே நேரத்தில் முழுவேகத்தில் சுழலும்போது, அந்த மின்சாரத்தைச் சென்னைக்கும் வடமாவட்டங்களுக்கும் கொண்டுவரப் போதிய உயரழுத்தக் கம்பிகள் இல்லை. விளைந்த நெல்லை வீடு சேர்க்க வண்டி இல்லாத நிலை அது. காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே காற்றாலைகளை நிறுத்திவைக்கும்படி ஆணையிட நேர்ந்தது. அதே வேளையில் தமிழகத்தின் ஊர்கள் மின்வெட்டால் வாடின.

இக்குறையைத் தீர்க்க வந்ததே ‘பசுமை ஆற்றல் வழித்தடம்’ என்னும் திட்டம். காற்று, கதிரவன் ஆகிய வளங்கள் மிகுந்த எட்டு மாநிலங்களில் புதிய மின்கம்பித் தடங்களும் துணைமின் நிலையங்களும் அமைக்க 2015இல் ஒப்புதல் தரப்பட்டது; தமிழகம் அவ்வெட்டில் ஒன்று. திட்டச் செலவு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். அதில் 40 விழுக்காடு தேசியத் தூய ஆற்றல் நிதியத்தின் மானியம். 40 விழுக்காடு ஜெர்மனி நாட்டு வளர்ச்சி வங்கியின் கடன். எஞ்சிய 20 விழுக்காடு மாநிலங்களின் பங்கு. தேனி மாவட்டம் தப்பகுண்டில் எழுந்த 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இத்திட்டத்தின் கொடையே. கம்பம் பள்ளத்தாக்கின் காற்று அதன் வழியே மின்தொகுப்பில் கலக்கிறது.

மின்தொகுப்பில் கலந்தபின் இது காற்றின் மின்சாரம், இது கரியின் மின்சாரம் என்று பிரித்தறிய இயலாது. ஏரியில் கலந்த வாய்க்கால் நீரைப் போன்றது அது. எனினும் ஆடி மாத நள்ளிரவில் வல்லத்து வீடொன்றில் சுழலும் விசிறிக்குத் தேனியின் காற்றும் ஒரு பங்கு தருகிறது என்று சொல்வதில் பிழையில்லை. அந்தக் கம்பிக்கு அவ்வீடு முன்பே சில காசுகள் கொடுத்துவிட்டது.

இந்நிதியத்தின் பணம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்தின் கூரைச் சூரியத்தகடு, சூரிய பம்புசெட்டு ஆகிய மானியத் திட்டங்களுக்கும் சென்றது. கங்கையைத் தூய்மைப்படுத்தும் பணிக்கும் ஒரு பகுதி சென்றது. கங்கை தூய்மையாவது நன்றே. ஆயினும் அது மின்சாரம் ஆக்கும் பணியன்று.

ஜெர்மானியர் செலுத்திய கல்விக் கட்டணம்

தமிழகக் கம்பிகளுக்குக் கடன் தந்த அதே ஜெர்மனிதான் மின்கட்டணத் தீர்வையை உலகிலேயே பெரிய அளவில் நடத்திப் பார்த்த நாடு. அங்கே நடந்ததை அறியாமல் வல்லத்துக் கூரையில் இன்று சூரியத்தகடு எப்படி ஏறியது என்பதை விளங்கிக்கொள்ள முடியாது.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கூரையில் தகடு பதித்த குடும்பமாயினும், வயலில் காற்றாலை நட்ட உழவராயினும், அவர் தரும் மின்சாரத்தைத் தொகுப்பு நிறுவனம் முதலில் வாங்கியே தீரவேண்டும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மாறாத விலை தரவேண்டும். சந்தை விலைக்கும் இவ்விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எல்லா நுகர்வோரும் அலகுக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொண்டனர். தொகுப்பு நிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான தீர்வையை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஊரறிய வெளியிடும். மின்பட்டியலில் அது தனி வரியாகவே அச்சிடப்படும்.

2010இல் அலகுக்கு 2.05 செண்டாக இருந்த தீர்வை 2017இல் 6.88 செண்டாக உயர்ந்தது. ஒரு வீடு செலுத்தும் மின்விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதுவே. ஆண்டுக்கு 3,500 அலகு பயன்படுத்தும் குடும்பம் ஏறத்தாழ 240 யூரோ செலுத்தியது. இங்கும் ஒரு நீதிக்கேடு இருந்தது. அயல்நாட்டுப் போட்டியில் தோற்றுவிடக்கூடாது என்று மின்சாரத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் பேராலைகளுக்குத் தீர்வையில் பெரும் விலக்கு அளித்தனர். அவர்கள் செலுத்தாததை வீடுகளும் சிறுதொழில்களும் சுமந்தன. சொந்தக் கூரை உடையவர் தகடு பதித்து வருவாய் ஈட்ட, வாடகை வீட்டில் வாழ்பவர் தீர்வை மட்டும் செலுத்தினார்.

இத்தனைக்கும் கைம்மாறாகக் கிடைத்தது என்ன? 2000இல் ஜெர்மனியின் மின்சாரத்தில் ஆறு விழுக்காடே புதுப்பிக்கத்தக்கது. 2023இல் அது பாதியைத் தாண்டியது. அதனினும் பெரிய விளைவு ஜெர்மனிக்கு வெளியே நிகழ்ந்தது. உறுதியான விலைக்கு வாங்க ஒரு நாடு இருக்கிறது என்றறிந்ததும் சூரியத்தகடு செய்யும் ஆலைகள் பெருகின; குறிப்பாகச் சீனாவில் பெருகின. செய்யச் செய்யத் தொழில் கைவந்தது, விலை சரிந்தது.

அச்சரிவை இந்திய ஏல விலைகளில் காணலாம். தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் முதல் ஏலத்தில், 2010 இறுதியில், சூரிய மின்சாரத்தின் சராசரி விலை அலகுக்கு 12.12 ரூபாய். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்குத் தமிழகம் ஒப்புக்கொண்ட விலை 7.01 ரூபாய். 2017 மே மாதம் இராசத்தான் மாநிலம் பட்லாவில் நடந்த ஏலத்தில் 2.44 ரூபாய். ஏழு ஆண்டுகளுக்குள் ஐந்தில் ஒரு பங்கு. முந்தி வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்தனர். கமுதி மின்சாரத்துக்கு அன்று ஒப்பிய விலையைத் தமிழக நுகர்வோர் இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். அது யாருடைய பட்டியலிலும் தீர்வை என்று எழுதப்படவில்லை. ஆயினும் அதன் தன்மை தீர்வையின் தன்மையே. உலகம் ஒரு புதுத் தொழிலைக் கற்றுக்கொள்ள ஜெர்மானியக் குடும்பங்கள் பெருந்தொகையைக் கல்விக் கட்டணமாகச் செலுத்தின. கமுதியைப் போன்ற ஊர்களின் வழியே தமிழரும் ஓரளவு செலுத்தினர்.

தன் பட்டியலில் தனி வரியாகக் கண்டதால் ஜெர்மானியக் குடும்பம் அதைப் பற்றிக் கேள்வி கேட்டது. நாளிதழ்களும் நாடாளுமன்றமும் ஆண்டுதோறும் வாதிட்டன. இறுதியில் 2022 சூலை முதல் அத்தீர்வை சுழியமாக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. தகடுகளுக்கு முன்பே உறுதியளித்த விலையை அரசின் பொதுநிதி ஏற்றுக்கொண்டது.

திசை மாறிய வாய்க்கால்

இந்தியாவில் கேள்வி கேட்டவர் சிலரே. வெள்ளை அட்டையில் இல்லாத ஒன்றைப் பற்றி எவர் கேட்பார்?

திரண்ட 86,400 கோடி ரூபாயில் தேசியத் தூய ஆற்றல் நிதியத்துக்கு மாற்றப்பட்டது ஏறத்தாழ 29,600 கோடி மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு நிதியத்தை அடைந்தது. அதிலும் முழுத்தொகை செலவிடப்படவில்லை. எஞ்சியது அரசின் பொதுச் செலவில் கலந்தது. தீர்வை முதலில் அரசின் தொகுநிதியில் சேரும். பின்னர் நாடாளுமன்ற ஒப்புதலோடு நிதியத்துக்கு ஒதுக்கப்படும். ஒதுக்காவிட்டால் அங்கேயே தங்கிவிடும். நடைமுறையிலுள்ள ஓட்டை இதுவே. மேலும், அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் உறுப்பின்படி பொதுவான நடுவண் வரிகளில் மாநிலங்களுக்குப் பங்குண்டு, தீர்வைகளில் பங்கில்லை. ஒரு நோக்கத்துக்கென்று வாங்குவதால்தான் தீர்வைக்கு அந்த விலக்கு. நோக்கம் நிறைவேறாதபோது அவ்விலக்குக்கு என்ன நியாயம் என்று மாநிலங்கள் கேட்பதில் பொருள் இருக்கிறது.

2017 சூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, தூய சுற்றுச்சூழல் தீர்வை ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது பெயர்தான். டன்னுக்கு அதே 400 ரூபாய், ‘இழப்பீட்டுத் தீர்வை’ என்னும் புதுப்பெயரில் தொடர்ந்தது. புதிய வரிமுறையால் வருவாய் இழந்த மாநிலங்களுக்கு ஈடுசெய்வது அதன் நோக்கம். அவ்விழப்பீட்டைப் பெற்ற மாநிலங்களுள் தமிழகமும் உண்டு. ஆகவே இப்பணம் வீணாயிற்று என்று கூறுவது முறையன்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் அது பயன்பட்டிருக்கும். எனினும் ஏரிக்கென்று வாங்கிய ஆயத்தைக் கொண்டு சபை மண்டபத்துக்குக் கூரை வேய்ந்தால், உத்திரமேரூர்ச் சபையார் அதனைக் கணக்கு என்று ஏற்றிருப்பார்களா?

2025 செப்டம்பர் 22 முதல் கரியின்மீதான இழப்பீட்டுத் தீர்வையும் நீங்கியது. அதற்கு ஈடாகக் கரிக்கான சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. இது பொதுவரி, நடுவணரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும், எந்தப் பணிக்கும் கட்டுப்பட்டதன்று. இம்மாற்றத்தால் ஒரு வேடிக்கையும் விளைந்தது. எடைக்கு விதித்த தீர்வை மலிவான கரிக்கும் விலையுயர்ந்த கரிக்கும் ஒன்றாகவே இருந்தது. விலைக்கு விதிக்கும் வரியோ மலிவான, சாம்பல் மிகுந்த கரிக்குக் குறைவாக விழுகிறது. புகை மிகுதியாகத் தரும் கரிக்கே வரி இறங்கியது.

கூரையில் ஏறிய தகடு

இப்போது வீட்டுக் கூரைகளுக்கான மானியம் நடுவணரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். தமிழகத்தின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். மூன்று கிலோவாட் தகடு இரு மாதங்களில் 700 அலகுக்கு மேல் தரும். முன்னர்க் கணக்கிட்ட 300 அலகு வீட்டுக்கு இது தேவைக்கும் மிகுதி; ஒரு கிலோவாட்டும் சற்றும் போதும்.

ஆனால் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடித் தளம் வேண்டும். அத்தளம் காங்கிரீட்டாக இருப்பது நலம். மானியம் போக மீதித்தொகையைக் கையிலிருந்தோ கடனாகவோ தரவேண்டும். ஓலைக்கூரையும் ஓட்டுக்கூரையும் உடையவர், வாடகைக்குக் குடியிருப்பவர் ஆகியோருக்கு இவ்வழி எளிதன்று. ஜெர்மனியில் எழுந்த அதே சிக்கல் இங்கும் எழுகிறது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய சூரியமின்வசதி பசுமை வீடுகள் திட்டம் இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. வீடற்ற ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு கட்டித்தந்து, சூரிய ஆற்றலால் எரியும் ஐந்து விளக்குகளையும் அரசே பொருத்தித்தந்தது. தகட்டை முதலில் ஏழையின் கூரையில் ஏற்றிய திட்டம் அது. ஐந்து விளக்குக்கு மேல் அதனால் தர இயலவில்லை என்பதும் உண்மை.

வயலில் நிலைமை மாறுபட்டது. இலவச மின்இணைப்புக்கு விண்ணப்பித்துப் பல ஆண்டுகள் காத்திருக்கும் உழவருக்குச் சூரிய பம்புசெட்டு விடுதலை தருகிறது. அதன் விலையில் பெரும்பகுதியை நடுவண், மாநில அரசுகள் மானியமாக ஏற்கின்றன. பகலில் மட்டுமே நீர் இறைக்கும் என்பது அதன் குறையாகக் கூறப்படுவதுண்டு. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று நள்ளிரவில் எழுந்து கிணற்றுமேட்டுக்குச் சென்ற உழவர் அதனைக் குறையென்று கொள்ளார்.

வல்லத்தில் தகடு பதித்த வீட்டுக்கு இருவழி அளவி பொருத்தப்படுகிறது. வீடு வாங்கிய மின்சாரத்தையும் வீடு தந்த மின்சாரத்தையும் அது தனித்தனியே காட்டும். பழைய நான்கு எண்களோடு இப்போது கூடுதலாக ஓர் எண் பதிவாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு மின்அளவீட்டு அட்டையில் கடந்த ஓராண்டுக்கான அலகுகளைக் குறித்துக்கொண்டு, அதில் பாதி கரியால் ஆனது எனக் கொண்டால் எரிந்த கரி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு வகுப்பில் ஒப்பிடுக.

2. ‘தீர்வையை மின்பட்டியலில் தனி வரியாக அச்சிடவேண்டும்’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் ஏரி, கோவில், பள்ளி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்காக மக்கள் பொதுவில் பணம் திரட்டிய நிகழ்வை முதியோரிடம் கேட்டறிந்து, அதன் கணக்கு எவ்வாறு வைக்கப்பட்டது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.